என் மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கச் சொன்ன மகனுக்கு

தினேஷ், நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் காலையிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். "மா, புடுங்கிட்டியா இல்லையா? சனிக்கிழமை வர்றேன், வந்து பார்ப்பேன்" என்று அதட்டுகிறாய். பதில் சொல்லத்தான் போனைக் கையில் எடுத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா என்று ஆரம்பித்து எப்படியும் சண்டையில் போய் நிற்கும். அதனால் எழுதுகிறேன். கோயில் ஆண்டு மலரில் மாதர் பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சமையல் குறிப்பு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாவம். இதைத்தான் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும். பக்கத்துத் தோட்டத்து பத்மா டீச்சரும் படிக்கட்டும், இதில் பாதி அவரைப் பற்றியதுதான். மலர் அச்சாகி வர நாளாகும், உனக்கு மட்டும் இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு பத்மா டீச்சர் மேல் பொறாமை. லேசான பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. மருமகள் வந்தால் மாமியார்க்காரி பொறாமைப்படுவாள் என்பது ஊர் அறிந்த விஷயம். உனக்கு இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, அதற்குள் ரிட்டையரான ஒரு பயாலஜி டீச்சரைப் பார்த்து நான் எரிந்துகொண்டிருக்கிறேன். உன் அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "அந்தம்மாவுக்கு எழுபது வயசாவப் போவுது, அவங்களோட போட்டியாடி ஒனக்கு?" என்கிறார். அவருக்கு என்ன, லாரியை எடுத்துக்கொண்டு ஜொகூர், ஈப்போ என்று போய்விடுவார். நீ ஊருக்கு வந்தால் யாரிடம் போய் உட்கார்ந்தாய், எத்தனை நேரம் பேசினாய் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்தானே.

மலரைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் கதை தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். நான் மலாக்காவில், ஆயர் குரோவில் ஒரு பேக்டரியில் சர்க்கியூட் போர்டு பார்க்கிற வேலையில் இருந்தவள். பெரிய கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒரு கம்பி கோணலாக இருந்தாலும் ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். ஆளைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். புக்கிட் காத்தில் என்கிற எங்கள் ஊரில் வீட்டுக்குப் பின்னால், பழைய எஸ்டேட்டை வெட்டி வீடு கட்டியதுபோக ஓரமாக மிஞ்சிய நிலத்தில் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து, பாலிபேக்கில், மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில், மிளகாய் போட ஆரம்பித்தேன். அடுத்த துண்டை எடுத்தவர் பத்மா டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அவர் அப்பா காலத்திலேயே ரயில்வேயில் ஆபீஸ் வேலை. பென்ஷன் வருகிறது, பொழுது போக வேண்டும் என்று செடி வைத்தவர். எனக்குப் பொழுது தானாகவே போய்விடும், மிளகாய் விற்றால்தான் மளிகை. எங்கள் இரண்டு துண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலி, அவ்வளவுதான்.

எல்லாரும் காய்ப்பு குறைந்ததும் செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுக் கன்று வாங்குவார்கள். நான் அப்படி இல்லை. கிளையை வெட்டிவிட்டு, உரம் கொடுத்து, மறுபடி தழைக்க விடுவேன். மறுபடி காய்க்கும். அதையும் பறித்துவிட்டுத் திரும்பவும் வெட்டிவிடுவேன். கடையில் விதை வாங்கியதும் கிடையாது. நோயில் விழாமல் எது நிற்கிறதோ அந்தச் செடியில் பழுத்ததைப் பார்த்து நானே எடுத்து வைப்பேன். பாசாரில், காய்கறிச் சந்தையில், என் மிளகாயைக் கேட்டு வாங்கிப் போகிற சீன ஆண்ட்டிகள் இருக்கிறார்கள். டீச்சரோ விலை கூடின புது ரக விதையாக வாங்கிப் போடுவார். கன்று முளைத்து ஜம்மென்று நிற்கும். பூக்கிற நேரத்தில் இலையெல்லாம் பச்சையும் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாகி, சுருங்கி, காய் விரல் நீளம்கூட வராமல் நின்றுவிடும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று "ஐயோ பாவம் டீச்சர்" என்பேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? படித்தவள் செடி படுத்துவிட்டது, பேக்டரிக்காரி செடி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே தண்ணீர் விடுவேன்.

அப்போதுதான் நீ யுனிவர்சிட்டியில் இந்த ஆராய்ச்சியை எடுத்தாய். மிளகாய்ச் செடிக்கு வருகிற வைரஸ் ஊருக்கு ஊர் எப்படி மாறியிருக்கிறது, எது எதிலிருந்து வந்தது என்று பார்க்கிற படிப்பு. மலாக்காவிலும் இலை எடுக்க வேண்டும், வீட்டிலேயே தங்கிக்கொள்கிறேன் என்றாய். நான் ஆட்டிறைச்சி வாங்கி வைத்தேன். நீ வந்தாய், பையை வைத்தாய், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாய், நேராகப் பின்பக்கம் போனாய். என் செடிகளுக்கு நடுவில் நடந்து போனவன் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலியைத் தாண்டிவிட்டாய். "வாங்கோ மகன், உமக்காகத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான்" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளை வயதுக்காரர்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அது எனக்கும் தெரியும். தபால் கொண்டு வருகிற பையனையும் மகன் என்றுதான் கூப்பிடுகிறார். ஆனாலும் என் வீட்டுப் பின்வாசலில் நின்றுகொண்டு இன்னொருத்தி உன்னை மகன் என்று கூப்பிடுவதைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

அன்றைக்கு நீ அந்தச் சீக்குச் செடிகளின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு இலையைத் திருப்பி, அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, வெயிலுக்கு நேரே பிடித்து நரம்பு நரம்பாகப் பார்த்தாய். இத்தனை வருஷத்தில் என் முகத்தை நீ அப்படிப் பார்த்ததில்லை. டீச்சர் ஏதோ கேட்கிறார், நீ இங்கிலீஷில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாய், அவர் மறுபடி கேட்கிறார், நீ சிரிக்கிறாய். ஆட்டிறைச்சி ஆறிப்போய் எண்ணெய் உறைந்துவிட்டது. சாயங்காலம் உள்ளே வந்தவனிடம் "என்னாடா அவ்வளவு நேரம் பேசுனீங்க?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்ல மா, வைரஸ் மேட்டர். ஒனக்குப் புரியாது லா" என்றாய். டீச்சருக்குப் புரியும், எனக்குப் புரியாது.

சின்ன வயதில் நீ இப்படி இருந்தவன் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மோட்டாரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போவேன். ஏறின நிமிஷத்திலிருந்து என் முதுகில் வாயை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவாய். யார் பென்சிலைத் திருடினான், எந்தப் பூனை எங்கே குட்டி போட்டது, எல்லாம் எனக்குத்தான் முதலில் வரும். அதற்கும் முன்னால் தடிக்காவில், பாலர் பள்ளியில், சேர்த்தபோது ஒருநாள் நான் கட்டிவிட்ட சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "டீச்சர் கட்றதுதான் கரெக்ட்" என்றாய். அந்தப் பெண் யார் என்று பார்க்கவே மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். இருபது வயதுப் பிள்ளை, பொட்டு வைத்துக்கொண்டு, சிரித்த முகம். அவளைப் பார்த்தும் எனக்கு ஆகவில்லை. இந்தப் புத்தி எனக்கு இன்றைக்கு வந்தது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, அன்றைய இலை விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் நீ கிளம்பும்போது நான்தான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "ஏன்டா, என் செடி இலை எடுக்கமாட்டியா? என் செடிக்கு என்னா கொறைச்சல்?" என்றேன். நீ சிரித்தாய். "ஒன் செடி நல்லா இருக்கே மா, சீக்கு வந்ததத்தான் எடுக்கணும்" என்றாய். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஓகே ஓகே, நல்ல செடியும் கொஞ்சம் வேணும், சீக்குச் செடியோட வச்சுப் பார்க்க. ஒன்னோடத எடுத்துக்கிறேன்" என்று சொல்லி, ஒவ்வொரு வரிசையிலும் கிள்ளிப் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில், பாசாரில், கண்ணில் பட்ட எல்லாரிடமும் சொன்னேன். என் பிள்ளை ஆராய்ச்சிக்கு நல்ல செடி வேண்டும் என்று என் செடியைத்தான் எடுத்துப் போயிருக்கிறான் என்றேன். டீச்சரிடமும் வேலியோரம் போய் ஒருமுறைக்கு இரண்டுமுறை சொன்னேன்.

பிறகு அந்த இலையில் என்ன இருந்தது என்று நீ என்னிடம் சொல்லவில்லை. டீச்சர் சொன்னார். இதைத்தான் உன்னிடம் கேட்க வேண்டும் தினேஷ். நான் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. "மகன் எனக்குப் போன் எடுத்துச் சொன்னவர். உங்கட செடி எல்லாத்திலயும் வைரஸ் இருக்காம். வெளியில காட்டாமல் உள்ளுக்க வச்சிருக்குதாம். இங்கயிருந்துதான் என்ர பக்கம் வருகுதாம். நீங்கள் அதையெல்லாம் எடுக்கத்தான் வேணும்" என்றார். என் கையிலிருந்த கூடையை அப்படியே கீழே வைத்தேன். செடி போகிறதே என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. என் செடியைப் பற்றி என் பிள்ளை முதலில் அவளிடம் சொல்லியிருக்கிறான் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது. "என் மகன் என்கிட்ட சொல்லட்டும் டீச்சர், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் இரண்டு தடவை நட்டு இரண்டு தடவையும் பிடுங்கிப் போட்டவர், அவருக்கும் கோபம் இருக்கும்தானே. அது இப்போது தெரிகிறது.

அந்த வாரக் கடைசியில் நீ வந்தாய். மழை பிடித்துக்கொண்டது, பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே உர வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீ ஆரம்பித்தாய். "மா, செடிக்குள்ள ஒரு வைரஸ் இருக்குன்னு நெனைக்காத. ஒரு கூட்டமே இருக்கு. அது தன்னையே காப்பி எடுத்துக்கிட்டே இருக்கும். எடுக்கும்போது தப்பு விடும்" என்றாய்.

"தப்பு வந்தா ரிஜெக்ட் பண்ண வேண்டியதுதானே?" என்றேன்.

நீ வாளியை இழுத்து என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய். "அதான் மா! அங்க ஒன்ன மாதிரி ஒக்காந்து பார்க்கிற ஆளு கெடையாது. தப்பான காப்பியும் வெளிய வந்துரும். முக்காவாசி செத்துரும். ஏதோ ஒன்னு ரெண்டு முன்னைவிட நல்லாவே பொழைச்சுக்கும். அது பெருகிக்கிட்டே போவும்" என்றாய். அதோடு நிற்கவில்லை. பூச்சி வெளியிலிருந்து வேறொரு வகையைக் கொண்டுவந்து அதே செடியில் விட்டுவிட்டால், காப்பி எடுக்கிறபோது பாதியை இதிலிருந்தும் மீதியை அதிலிருந்தும் எடுத்து, இதன் தலையும் அதன் வாலுமாகப் புதுசாக ஒன்று வந்துவிடும் என்றாய். சீக்கிரம் செத்துப்போகிற செடியில் அதற்கு நேரம் இருக்காதாம். என் செடிகளோ வெட்டி வெட்டி வருஷக்கணக்கில் நிற்கின்றன, அதனால் வந்தது எல்லாம் சேர்ந்து தங்கிவிட்டது. "நீ விழாத செடியா பார்த்து வெதை எடுத்த மா. விழல, கரெக்ட். ஆனா வைரஸ உள்ள வச்சுக்கிட்டு விழாம நிக்குது. பத்மா ஆண்ட்டியோட புது ரகத்துக்கு அதத் தாங்கத் தெரியாது" என்றாய். பூச்சி என் இலையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு வேலியைத் தாண்டினால் போதுமாம்.

போனில் ஒரு படம் காட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? யாருக்கு யார் பிள்ளை என்று கோடு கோடாகக் கிளை விட்ட படம். டீச்சர் தோட்டத்தில் எடுத்தது எல்லாம் ஒரே ஒரு சின்னக் கிளையில் இருந்தது. அந்தக் கிளை முளைத்த மரமே என் தோட்டத்துடையது. "மலாக்காவுல எடுத்ததுலயே இவ்வளவு வகை வேற எங்கயும் இல்ல மா. இந்தத் தலை வால் மாறினது, இது ஒன் செடியிலதான் பொறந்திருக்கு" என்றாய். எனக்குப் பெருமையாகப் போய்விட்டது! நோயைப் போய்ப் பெருமைப்படுகிறாளே என்று மலர் படிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுடையது கிளை, என்னுடையது மரம். அன்றைக்கு மழை விடவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நீ என் முகத்தைப் பார்த்துப் பேசினாய், நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய், ஒரு தடவைகூடப் புரியாது என்று சொல்லவில்லை. என் செடிகள் எல்லாம் ஒழிய வேண்டும் என்பதைத்தான் அத்தனை நேரமும் விளக்கிக்கொண்டிருந்தாய், நான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு விஷயத்துக்கு வந்தாய். "எல்லாத்தையும் வேரோட எடுக்கணும் மா. பொதைச்சிரணும். கொஞ்ச நாள் காலியா போட்டுட்டு, அப்புறம் நல்ல கன்னு வாங்கி வச்சுத் தர்றேன்."

"முடியாது" என்றேன்.

"ஏன் மா?"

"என் செடி. நான் வளர்த்தது."

"ஆண்ட்டி ரெண்டாவது வாட்டியும் எல்லாத்தையும் புடுங்கிட்டாங்க மா."

"ஆண்ட்டி, ஆண்ட்டி! போ, அவங்ககிட்டயே போய்ச் சொல்லு. அங்கதானே மொதல்ல சொல்வ" என்று கத்திவிட்டேன். உனக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். அம்மாவுக்குச் செடி மேல் இவ்வளவு பாசமா என்று பார்த்தாய். சாப்பிட்டாய், கிளம்பினாய். போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் உன் கார் நின்றதையும் பார்த்தேன்.

ஏன் முடியாது என்றேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். எனக்குச் செடி பெரிசு இல்லை. கன்று வாங்கினால் மிளகாய் மறுபடி காய்க்கும், அதுவரை அப்பா சம்பளத்தில் ஓடும். ஆனால் என் வாழ்நாளில் உன் படிப்புக்கும் எனக்கும் நடுவில் இருந்த ஒரே சம்பந்தம் அந்த நோய்பிடித்த செடிகள்தான். அவை இருக்கிற வரைக்கும் நீ இலை எடுக்க வருவாய், இந்த மாதம் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்க வருவாய், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவாய். எல்லாம் சுத்தமாகிவிட்டால் உனக்கு இங்கே என்ன வேலை? நீ மாதக் கடைசியில் தைவானுக்குப் போகிறாய், அங்கேயும் இதே வைரஸ் வேலைதான் என்கிறாய். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சனியன் உன்னை இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிறது. அதன் மேலும் எனக்குப் பொறாமைதான்.

உனக்குப் புத்தி சொல்லாமல் அம்மா கடிதம் முடியுமா? தைவானில் சாப்பாட்டுக்கு அலையாதே, அரிசி எங்கேயும் கிடைக்கும், பொடி அரைத்துத் தருகிறேன். அங்கேயும் ஒரு பத்மா டீச்சர் கிடைப்பார், கட்டாயம் கிடைப்பார், உன் முகராசி அப்படி. கிடைக்கட்டும், வேலையைப் பற்றிப் பேச ஆள் வேண்டும்தான். ஆனால் எதைச் சொன்னால் எனக்குப் புரியும், எது புரியாது என்று நீயாக முடிவு பண்ணாதே. சொல்லிப் பார். புரியாவிட்டால் திருப்பிக் கேட்கிறேன். கேள்வி கேட்பதற்கு யாரும் சர்ட்டிபிகேட் பார்ப்பதில்லை. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தாலும் இதையே செய், அவளிடம் "ஒனக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் என்னை மாதிரி பொறுத்துக்கொண்டிருக்கமாட்டாள்.

இன்றைக்கு மத்தியானம் நானே வேலியோரம் போனேன். டீச்சர் காலிப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நீ வர வேண்டும் என்கிற என் ஆசைக்காக அவர் செடி மூன்றாவது தடவையும் சாகக் கூடாது என்று எனக்கே பட்டது. "நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துர்றேன் டீச்சர்" என்றேன். "தனியவா? அவ்வளவையும்? நானும் வாறன்" என்றார். வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. என் செடியை அவர் கையால் பிடுங்குவதா என்று இருந்தது. ஆனால் அப்பா ஈப்போவில் இருக்கிறார், எனக்கும் முதுகு முன்னைப்போல் இல்லை. "வாங்க" என்றேன். கையுறை என்னிடம் நல்லதாக இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்றார். அதைக் கேட்டும் எனக்கு எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்லவில்லை.

ஆக, உன் மெசேஜுக்குப் பதில் இதுதான். நாளைக்குப் பிடுங்கிவிடுவோம். சனிக்கிழமை நீ வரும்போது ஒரு செடிகூட இருக்காது, கிள்ளி எடுத்துப்போக ஒரு இலைகூட இருக்காது. டீச்சர் வீட்டுக்கும் போ, தைவானுக்குப் போகிறவன் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாது. ஆனால் முதலில் என்னிடம் வா. எடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் என்னோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் அங்கே போ.